காற்றோடு போகும் சாட்சி: பொது இடத்தில் காஸ் கசிந்தால்

திருகோணமலையில் எரிவாயு, வெடிப்பு என்று பேச்செடுத்தால் எல்லோர் விரலும் சீனக்குடாப் பக்கமே நீளும். பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள் அங்கே இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது குதமொன்று நாட்கணக்கில் எரிந்த கதை இந்த ஊரில் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் சனம் அன்றாடம் நடமாடும் இடம் அதுவல்ல. பஸ் நிலையத்தை ஒட்டிய கொத்து ரொட்டிக் கடையின் பின்சந்து, மீன் இறங்கும் இடத்து ஐஸ் தொழிற்சாலை, உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் நீச்சல் தடாகம், கோயில் அன்னதான மடத்தின் அடுப்படி, மின்சாரம் போனதும் கடை வாசலில் உறுமும் ஜெனரேட்டர்: நாம் சுவாசிக்கும் காற்றோடு காஸ் கலக்க வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள் இவைதான்.

இப்படியொரு கசிவு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது, ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் சாட்சியத்தில். கத்திக்குத்து என்றால் கத்தி கிடக்கும். வாகன விபத்து என்றால் தெருவில் டயர் தடம் கிடக்கும். காஸ் அப்படிக் காத்திருக்காது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் பத்து நிமிடத்தில் கடலுக்குப் போய்விடும். உடலுக்குள் போனது சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்தும் இறங்கிவிடும். அதனால் இந்த வகை வழக்குகளின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் நாளில் வைத்தியசாலையில் எழுதப்படும் நான்கு வரிகள்தான்.

முதலில் உடலைப் பார்ப்போம்.

சமையல் காஸ், அதாவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ பெற்றோலிய வாயு, தன்னளவில் பெரிய நஞ்சு அல்ல. அதற்குச் சொந்த மணமும் கிடையாது. நாம் முகர்வது கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் ‘எதில் மெர்கப்டான்’ என்ற இரசாயனத்தின் நாற்றத்தை. காற்றைவிடப் பாரமான வாயு என்பதால் இது தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடம் தேடி ஓடும்: மேசைக்கு அடியில், வடிகாலுக்குள், படிக்கட்டின் கீழ். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முழுக்கக் கசிந்தால் 280 கன மீற்றர் அளவுக்குத் தீப்பற்றக்கூடிய காற்றை உண்டாக்கலாம். இருபது அடி நீளம், பதினாறு அடி அகலமுள்ள கடை மூன்றை நிரப்ப அது போதும். உணவுக்கடைகளில் இருப்பதோ பெரும்பாலும் 37.5 கிலோ சிலிண்டர்.

அந்தக் கடைகளின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சிலிண்டர் சந்தில் வெயிலில் நிற்கும். அங்கிருந்து ரப்பர் குழாய் சுவரில் குடைந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். ஓட்டையின் விளிம்பில் குழாய் உராய்ந்து வெளுத்திருக்கும். கொத்துத் தட்டின் சூட்டுக்குப் பக்கத்தில் அது எண்ணெய்ப் பிசுக்கேறி, விரலால் அழுத்தினால் வெடிப்பு விடும். கிளிப் இருக்கவேண்டிய இடத்தில் கம்பி முறுக்கியிருக்கும். குழாயில் அச்சிட்ட ஆண்டு எப்போதோ அழிந்திருக்கும். நான்கு பேர் குனிந்து நின்று சமைக்கும் அந்த அடுப்படிக்கு ஒரு வாசல்தான், அதுவும் சாப்பிடும் மண்டபத்துக்குள்ளேயே திறக்கும். நாற்றம் வரத்தான் செய்யும். ஆனால் நாளெல்லாம் அதற்குள் நிற்பவரின் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் ஒன்றையும் சொல்லாது. வெளியிலிருந்து வருகிற ஆள்தான் முதலில் மூக்கைச் சுளிப்பார்.

அமோனியா வேறு ரகம். மீன்பிடித் தொழில் உள்ள இடமெல்லாம் ஐஸ் வேண்டும், பெரிய ஐஸ் தொழிற்சாலைகளின் குளிரூட்டிகளில் காலங்காலமாக ஓடுவது அமோனியா. அது நீரைத் தேடிப் பிடிக்கும் பொருள். நம் உடலில் ஈரம் எங்கே இருக்கிறதோ, அதாவது கண்ணில், மூக்கில், தொண்டையில், அங்கே கரைந்து காரமாக மாறிச் சுடும். அமிலம் பட்டால் தசை இறுகி ஓரளவு தடுப்பாகும். காரம் தசையைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் அமோனியா பட்டால் வைத்தியசாலைக்கு ஓடுவதற்கு முன் பதினைந்து, இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்கிறார்கள். வேலைத்தளத்தில் நாள் முழுவதும் தாங்கத்தக்க அளவு என்று அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வைத்திருப்பது பத்து இலட்சத்தில் 25 பங்கு. 300 பங்கு என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து. பாடப்புத்தகம் அமோனியா காற்றைவிட இலேசு என்று சொல்லும். ஆனால் அழுத்தத்தில் இருந்த திரவம் பீறிட்டு வரும்போது குளிர்ந்த மூடுபனியாகி நிலத்தோடு தவழும். மேலே போய்விடும் என்று நினைத்துத் தரையோடு படுப்பவர் ஆபத்துக்குள்ளேயே படுக்கிறார். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுவதுதான் வழி.

குளோரின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தடாகத்துக்குப் போடும் குளோரின் மருந்தோடு அமிலம் சேர்ந்தாலோ, பொதுக் கழிப்பறையில் பிளீச்சும் டொய்லட் அசிட்டும் ஒன்றாக ஊற்றப்பட்டாலோ மஞ்சட்பச்சை வாயு கிளம்பும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். அமோனியா மேல்தொண்டையிலேயே சுட்டு ஆளை ஓட வைக்கும். குளோரின் கொஞ்சம் மெதுவாக நுரையீரலின் ஆழம்வரை போகும். ‘இப்போ பரவாயில்லை’ என்று வைத்தியசாலையில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு இரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். இன்னும் சிலருக்கு இப்படியான ஒரே ஒரு கடும் கசிவுக்குப் பிறகு ஆஸ்துமா போன்ற இழுப்பு தொற்றிக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. அதற்கு முன் அவருக்கு ஒரு நாளும் இழுப்பு வந்ததில்லை என்பதை யாரோ எங்கோ எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் நிரூபிக்க முடியும்.

இவற்றில் மோசமான ஆள் கார்பன் மொனொக்சைட். மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் கடைக்கும் விடுதிக்கும் வந்து சேர்ந்த ஜெனரேட்டர்கள் இன்னும் போகவில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸில் இயங்கும் சுடுநீர்ப் பெட்டியும் இதையே கக்கும். இது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியோ ஏமாறும்: நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமென்று எண்ணி 98, 99 என்று காட்டும். தலையிடி, வாந்தி, களைப்பு என்று வருகிறவரை வைரஸ் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிடுவது சுலபம். கர்ப்பிணி என்றால் தாயைவிட வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து கூட.

மருத்துவமும் சட்டமும் ஒன்றையொன்று இடிப்பது இங்கேதான். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் இரத்தத்திலுள்ள கார்பன் மொனொக்சைட் பாதியாகக் குறைய நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். முழு ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் போதும். அதாவது சிகிச்சை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சாட்சியம் அழிகிறது. சிகிச்சையைத் தாமதிக்கச் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் கூடாது. ஒட்சிசன் வைக்கும் கையோடு ஒரு குழாய் இரத்தம் எடுத்து நேரத்தைக் குறித்து வைப்பதுதான் வழி. அடுத்த நாள் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

இனிப் பொறுப்பு. இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தின் மீது நிற்கிறது. பாதிக்கப்பட்டவர் எதிர்த்தரப்பின் தவறை, குறைந்தது அவருடைய கவனயீனத்தையாவது, காட்டவேண்டும். அந்தத் தவறால்தான் தனக்கு இழப்பு வந்தது என்பதையும் காட்டவேண்டும். நிதானமுள்ள ஒரு கடைக்காரர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருப்பாரா, தடுக்க ஏதாவது செய்திருப்பாரா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. கம்பி முறுக்கிய குழாய்க்கு இதில் தப்ப வழியே இல்லை. சிலிண்டரும் குழாயும் முழுக்க முழுக்க ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்து, கவனமாக இருந்திருந்தால் நடக்காத ஒன்று நடந்துவிட்டால், அந்த நடப்பே கவனயீனத்தைப் பேசும் என்ற விதியும் நீதிமன்றங்களில் எடுபடும். நூறு வீதம் நிரூபிக்கவேண்டியதில்லை. எது கூடுதலாக நம்பத்தக்கது என்ற தராசுதான் குடியியல் வழக்கில்.

யார்மீது வழக்கு? வேலையாளின் கவனயீனத்துக்கு முதலாளி பொறுப்பு. சிலிண்டரே பழுதென்றால் நிரப்பிய கம்பனி வரை போகலாம். தவறான இணைப்பைக் கொடுத்தவர் முகவர் என்றால் அவரும் உள்ளே வருவார். ‘அது கொந்தராத்துக்காரன் செய்த வேலை’ என்பதுதான் அடிக்கடி வரும் பதில். சிலவேளை அது எடுபடும். ஆனால் தன் கடைக்குள் சனத்தை அழைத்து வியாபாரம் செய்கிறவர் அந்த இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையைக் கொந்தராத்துக்காரன் தலையில் முழுதாகக் கட்டிவிட முடியாது. சுவரில் ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டுவதும் அப்படித்தான். தெருவில் நடந்துபோய்க் கொண்டிருந்தவர் அந்தப் பலகையோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை.

இந்தியா இந்த இடத்தில் ஒரு படி தாண்டிப் போனது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4இல், டில்லியில் ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையில் ஒலியம் என்ற, புகை கக்கும் கந்தக அமிலம் கசிந்தது. அந்த வழக்கில் நீதியரசர் பகவதி தலைமையிலான ஆயம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் கவனமாக இருந்தாரா என்பதே கேள்வியில்லை, தீங்கு நேர்ந்தால் முழுப் பொறுப்பும் அவருக்கே என்று 1986இல் தீர்த்தது. நம் ஊர் நீதிமன்றங்கள் இந்த விதியை நட்டஈட்டு வழக்குகளுக்கு அப்படியே தூக்கி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் அதே திசையில் ஓர் அடி வைத்த தீர்ப்பு தமிழர் பகுதியிலிருந்தே வந்தது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மாசாக்கியவரே செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கையின்படி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது கிணற்று நீர், இது காற்று. தர்க்கம் ஒன்றுதான் என்று வாதிட இடமிருக்கிறது, எவராவது வாதிடவும் வேண்டும்.

உயிர் போயிருந்தால் குற்றவியல் பக்கமும் திறக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். காற்றோடு போன சாட்சியத்தோடு அது மலையேற்றம். முன்பெல்லாம் கவனயீனத்தால் இறந்தவரின் குடும்பம் அவர் கொண்டுவந்த வருமானத்தைத்தான் கணக்குப் போட்டுக் கேட்க முடிந்தது. அதனால் சிறு பிள்ளை இறந்தால் சட்டத்தின் கண்ணில் நட்டமே இல்லாதது போன்ற ஒரு கொடுமை இருந்தது. 2019இன் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் நெருங்கிய உறவினர் நட்டஈடு கேட்கலாம். இது பலருக்கு இன்னும் தெரியாது.

2021இன் கடைசி மாதங்களை மறந்திருக்க மாட்டோம். நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தன. வீட்டுக்கு வந்த சிலிண்டரைச் சனம் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தது. புரோப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே பெரிய பேச்சானது. ஜனாதிபதி குழுவும் அமைத்தார். புரோப்பேன் கூடினால் சிலிண்டரின் உள் அழுத்தம் கூடும், பழைய குழாயும் வால்வும் அதைத் தாங்காது. அதில் விஞ்ஞானப் புதிர் ஒன்றுமில்லை. ஆனால் கலவையின் விகிதத்தை வீட்டிலிருந்து யாரால் அளக்க முடியும்? நுகர்வோர் கையில் சான்று ஏதும் கிடையாது. சான்று முழுவதும் கம்பனியின் கையிலும் இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலும்தான் இருந்தது. பழுதான பொருளுக்கு உற்பத்தியாளரை நேரடியாகப் பொறுப்பாக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லாத குறை அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதை எழுத்திலும் கொடுத்து, பொருள் வாங்கிய கையோடு, ரசீதையும் வைத்துக்கொண்டு செய்யவேண்டும்.

யாரும் காயப்படுவதற்கு முன்பே கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் ஒன்றிருக்கிறது, நம்மவர் அதைத் தொடுவதேயில்லை. 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. அயலவரின் சுகத்துக்கும் உயிருக்கும் ஆபத்தான தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் கிழமைக்கொரு தடவை அமோனியா மணக்கிறது என்றால், நாற்பது குடும்பம் கையெழுத்து வைத்துப் பொலிஸ் மூலம் நீதவானிடம் போகலாம். வெடித்த பின் நட்டஈடு கேட்பதைவிட இது மலிவு, வேகமும்கூட. அதற்குமுன், அந்த இடத்துக்கு வியாபார அனுமதி யார் கொடுத்தது, கடைசியாக யார் போய்ப் பார்த்தது என்று 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகரசபையையோ பிரதேச சபையையோ கேளுங்கள். பதினான்கு வேலை நாளில் தீர்மானம் சொல்லியாக வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் குறிப்பிலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்திலும் உள்ள நிபந்தனைகள் பின்னால் ஒருநாள் ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலை அடைத்துவிடும். எச்சரிக்கப்பட்டும் சும்மா இருந்தவரின் கவனயீனத்தை நிரூபிக்கப் பெரிய வாதம் தேவையில்லை.

ஆனால் சட்டத்தின் கால எல்லைகளை எழுதியவர்கள் நுரையீரலைக் கேட்டு எழுதவில்லை. அதிகாரிகளின் பொறுப்பின்மைக்கு எதிராக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு 1871இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டு தருகிறது. அரச அதிகாரி மீது என்றால் அதற்கும் முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவு அது. மறுபக்கம், கார்பன் மொனொக்சைட் பாதித்த சிலருக்கு மறதியும் நடை தடுமாற்றமும் குணமாறுதலும் இரண்டு நாள் முதல் ஆறு கிழமை வரை கழித்துத்தான் தலைகாட்டும். ஒரு மாத எல்லை அதற்குள் முடிந்துவிட்டிருக்கவும் கூடும்.

அதனால், சம்பவம் நடந்த அன்றே: வெளியே வந்து காற்றுக்கு எதிர்த்திசையிலோ குறுக்காகவோ விலகுங்கள். சுவிச்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு. கிணறு, மலக்குழி, படகின் மீன் அறை போன்ற மூடிய இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் கவசமில்லாமல் பின்னால் இறங்கவே இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவர்தான் அடுத்த பிணம். வைத்தியசாலையில் ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன், என்ன மணம், இன்னும் யார் யாருக்கு இப்படி என்று சொல்லி அதை எழுதச் சொல்லுங்கள். வைத்தியசாலைப் பொலிஸில் பதிவு விழுந்தால் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். துண்டு வெட்டும்போது தரும் அட்டையைத் தொலைக்காதீர்கள். பழுதான குழாயைக் கடைக்காரர் அன்றிரவே மாற்றிவிடுவார், யாரும் மாற்றத்தான் செய்வார்கள். அதனால் பொலிஸ் முறைப்பாட்டில் அந்தக் குழாயையும் ரெகுலேட்டரையும் கையகப்படுத்தும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் நேரம் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போகிறவர் அட்டையும் முறைப்பாட்டுப் பிரதியும் கொண்டுபோனால் முதல் நாளே வேலை தொடங்கும்.